உட்கார்ந்த வாக்கில்

"இன்னும் கொஞ்சம் எண்ணெ ஊத்துக்கா" என்றான் எத்திராஜ், முழங்காலிலிருந்து கையை எடுக்காமல். கிறிஸ்டினா கிண்ணத்தைச் சாய்த்தாள். சூடேற்றிய தேங்காயெண்ணெய் இக்னேஷியஸின் முட்டியில் விழுந்து இரண்டு பக்கமும் வழிந்தது. எத்திராஜ் தேய்த்தான், தட்டினான், கடைசியில் தன் உடம்புப் பாரத்தையே போட்டு அமுக்கினான். முழங்கால் ஒரு விரற்கடை இறங்கியது. கையை எடுத்ததும் மறுபடியும் மேலே வந்துவிட்டது.

ராயபுரத்தில் இருபது வருடமாக ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவன் அவன். பெட்டியோடு குளிப்பாட்டுவது, துணி கட்டுவது, சவப்பெட்டிக்குச் சொல்வது எல்லாம் அவனே. எத்தனையோ உடம்பைப் பார்த்த கை. அப்படிப்பட்டவனே வியர்த்து நின்றான். பெட்டியின் கண்ணாடி மூடி முட்டியில் இடித்து ஒரு சாண் திறந்தபடியே நின்றது. உள்ளே இருந்த குளிர் அந்தச் சந்து வழியாகக் கூடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஏழு மணி. ஆம்புலன்ஸ் வந்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"எத்தினி மணிக்கு போனாருன்னாங்க?" எத்திராஜ் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அஞ்சு மணின்னாங்க. சேர்லருந்து எழுந்துக்கச்சொல்லோ நெஞ்சப் புடிச்சிகினாராம். கிளினிக்குக்கு தூக்கிகினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சாம்."

எத்திராஜ் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். அங்கே கம்பெனி ஆள் ராமசுப்பு போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார்.

"இது அஞ்சு மணி பொணம் இல்லக்கா. ரெண்டு மணி நேரத்துல இப்டி கட்டையா வெறைக்காது. காலைலயே போயிருக்கு. அதுவும் குந்தின வாக்குலயே போயிருக்கு. பாதத்தப் பாரு, ரத்தம் பூரா கீழ எறங்கி கன்னங்கரேல்னு கீது. சொல்லணும்னு தோணிச்சி, சொல்லிட்டேன். அப்பால உன் இஷ்டம்."

கிறிஸ்டினா கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். புருஷன் செத்த சேதி வந்ததிலிருந்து அவள் மனது ஒரே ஒரு விஷயத்தைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியில் சொன்னால் ஊர் சிரிக்கும். பகலில் அவள் அவருக்கு நான்கு முறை போன் அடித்திருந்தாள். பதினோரு மணிக்கு, பன்னிரண்டரைக்கு, இரண்டுக்கு, மூன்றேகாலுக்கு. நான்கு முறையும் மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குச் செத்தவர் என்றால், நான்கு முறையும் அவர் வேண்டுமென்றே எடுக்கவில்லை.

காலையில் நடந்தது அப்படி. அவர் வேலை பார்த்த யார்டிலிருந்து கடிதம் ஒன்று வந்திருந்தது. 'இன்று முதல் எனக்குக் கொடுக்கப்படும் வேலையைச் செய்வேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். அதை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்தவள் அவள்தான். "கையெழுத்த போட்டுட்டு ஒரு போன் பண்ணு" என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "இருக்கட்டும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை. பதினாலு மாதமாக அவர் கம்பெனிக்குச் சொல்லிவந்த வார்த்தை. அதை வீட்டுக்குள்ளேயும் கேட்டதும் கிறிஸ்டினாவுக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "எங்கிட்டயும் அதானா? அவங்களும் நானும் ஒண்ணா ஒனக்கு?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் நான்கு முறை எடுக்காத போனா என்பதே அவளுக்கு இப்போது தெரிய வேண்டியிருந்தது.

எண்ணூர் ரோட்டில் இருந்தது அந்தக் கன்டெய்னர் யார்டு. கேட்டில் லாரி நுழையும் நேரத்தை புக்கில் எழுதுவது இக்னேஷியஸின் வேலை. இருபத்திரண்டு வருடம் எழுதினார். விடியற்காலையில் வந்து ரோட்டோரம் வரிசையில் காய்ந்துகொண்டிருக்கும் லாரி சாயங்காலம் உள்ளே வரும்; வந்த நேரம் சாயங்காலம் என்றே எழுதுவார்கள். அப்புறம் அந்தச் சாயங்காலத்தையும் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி எழுதச் சொன்னார்கள். அதையும் எழுதினார். பிறகு ஒரு நாள் புக்கை மூடி, பேனாவை அதன்மேல் வைத்துவிட்டு, "இருக்கட்டும் சார்" என்றார். அவ்வளவுதான். கோபமில்லை, கோஷமில்லை, லீவுமில்லை. மறுநாளும் எட்டு மணிக்குப் போய், வருகை மெஷினில் விரல் வைத்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்தரைக்கு எழுந்து வந்தார்.

ஏன் என்று யாருக்கும் தெரியாது. வரிசையில் காத்திருந்த டிரைவர் ஒருவர் மயங்கி விழுந்ததைப் பார்த்ததால் என்றார்கள் சிலர். பதவி உயர்வு கிடைக்காத கடுப்பு என்றார்கள் சிலர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கிறிஸ்டினாவின் பக்கத்து வீட்டு இருதயம்மாள் அடித்துச் சொன்னாள். பழைய பெர்மனன்ட் ஆள் என்பதால் கம்பெனி சட்டென்று வெளியே தள்ள முடியாமல் முழித்தது. அவராகவே போய்விடுவார் என்று காத்திருந்தது. அவர் போகவில்லை.

வீட்டில் முதல் இரண்டு மாதம் கிறிஸ்டினா கெஞ்சினாள். அடுத்த இரண்டு மாதம் செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். அப்புறம் அவளும் விட்டுவிட்டாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. தட்டு வைப்பாள், அவர் சாப்பிடுவார், டிவி ஓடும்.

கூடத்துக்கு வந்த ராமசுப்பு, "அம்மா, ஏதும் வேணும்னா கூசாம சொல்லுங்க. மாலை, தண்ணி கேன், சாமியானா எல்லாம் சொல்லியாச்சு. பேண்டு வேணும்னாலும் நான் சொல்லுதேன்" என்றார். தெற்கத்திக்காரர். பத்து வருடமாகக் கம்பெனியில் ஆட்களைக் கவனிக்கிற வேலை. "போஸ்ட்மார்ட்டம் அது இதுன்னு உங்களை அலைய விடக்கூடாதுன்னு டாக்டர்ட்ட நானே பேசி சர்டிபிகேட்டும் வாங்கிட்டேன்."

பதினாலு மாதமாக எட்டிப் பார்க்காத கம்பெனிக்கு ஒரே சாயங்காலத்தில் இவ்வளவு பாசம் பொங்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கிறிஸ்டினா அவர் கொண்டுவந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

பையில் டிபன் பாக்ஸ் கனமாக இருந்தது. திறந்தாள். சோறும் சங்கரா மீன் குழம்பும் வைத்தது வைத்தபடி இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டாரா, இல்லை அவள் மேல் இருந்த கோபத்தில் கை வைக்கவில்லையா? இரண்டுக்கும் இடமிருந்தது. கடிதம் கையெழுத்தில்லாமல் மடித்தபடியே கிடந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். அவளுடைய நான்கு அழைப்பும் வரிசையாக இருந்தன. சத்தம் மட்டும் அணைக்கப்பட்டிருந்தது.

அவருக்குப் போனில் சத்தத்தை அணைக்கத் தெரியாது. ஒருமுறை பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தி எழுந்தேற்றம் செய்யும் நேரத்தில் போன் அலறி, அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் கோயிலை விட்டே வெளியே ஓடியவர். அப்படியானால் இதில் கை வைத்தது யார்? எதற்காக?

அவள் தம்பி ஜேக்கப் காசிமேட்டு ஐஸ் பேக்டரியிலிருந்து போட்ட கைலியோடு ஓடிவந்தான். எத்திராஜ் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்.

"அடிச்சி கிடிச்சிட்டானுங்களா?" என்று பல்லைக் கடித்தான் ஜேக்கப். "நீ கம்முனு இருக்கா, நான் பாத்துக்கறேன்."

ஆண்கள் கதவைச் சாத்திக்கொண்டு உடம்பைக் குளிப்பாட்டினார்கள். வெளியே வந்த ஜேக்கப், காயம் ஒன்றும் இல்லை, தொடைக்குப் பின்னால் நாற்காலி விளிம்பு பதிந்த தடம் மட்டும் இருக்கிறது என்றான். அதே வேகத்தில் ராமசுப்புவின் சட்டையைப் பிடிக்கப் போனான். அவர் அவன் தோளில் கைபோட்டுத் தெருமுனைக்குக் கூட்டிப்போனார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்த ஜேக்கப்பின் முகம் வேறாக இருந்தது.

"எக்கா, போனவரு போய்ட்டாரு. மணி எத்தினி ஆனா இன்னா, வராத உசுரு வந்துடுமா? பேஜார் பண்ணிகினு இன்னா ஆவப்போவுது?"

"இன்னாடா சொன்னாரு அவரு?"

"ஒண்ணுமில்ல. நம்ம பையன் சாவியோ டிப்ளமா முடிச்சிட்டு வூட்லயே குந்திகினு கீறானே, யார்டுல பாக்கலாம்னாரு. நானா கேக்கல, அவராதான் சொன்னாரு."

கிறிஸ்டினா தம்பியைப் பார்த்தாள். அவன் பெட்டிக்குப் போட்ட மின்சார ஒயரைச் சரிபார்க்கக் குனிந்துகொண்டான். அன்றிரவு முழுக்க அவள் அவன் தந்த காப்பியைக்கூடக் குடிக்கவில்லை.

விடிவதற்குள் எத்திராஜ் எப்படியோ முட்டியை வழிக்குக் கொண்டுவந்து, துணியால் சேர்த்துக் கட்டிவிட்டிருந்தான். வெள்ளை வேட்டி, சட்டை. வாய் திறக்காமல் இருக்க மோவாயைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட துணி. கையில் ஜெபமாலை. பதினோரு மணிக்குக் கோயிலில் பூசை, அப்புறம் காசிமேட்டுக் கல்லறை.

ஒன்பதரை மணிக்கு உபதேசியார் வந்தார். கோயிலில் சாவுப் பதிவு எழுதுகிறவர் அவர்தான். கட்டம் போட்ட சீட்டை அட்டையில் வைத்து, பெயர், வயது, பங்கு என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தார்.

"ஆவி பிரிஞ்ச நேரம்?"

"அஞ்சு இருபதுங்க" என்றார் ராமசுப்பு, வாசலிலிருந்தே.

"நேத்து அஞ்சு மணின்னீங்க" என்றாள் கிறிஸ்டினா.

"அதாம்மா, ஒரு பத்து இருபது நிமிஷம் முன்னப்பின்ன இருக்கும்."

"ஆம்புலன்ஸ்காரரு அஞ்சே முக்காலுன்னாரே."

ராமசுப்பு சிரிப்பது போல ஒன்று செய்தார். "துக்கத்துல உங்களுக்கு ஒண்ணும் புரியலம்மா. சர்டிபிகேட்டுல போட்டிருக்கத எழுதிக்கிடுங்க, உபதேசியாரே."

"நேரத்த மட்டும் எழுதாதீங்க" என்றாள் கிறிஸ்டினா. சொல்லிவிட்டுப் புருஷனின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். "அது தெரியாம நான் எடுக்க வுட மாட்டேன்."

ஜேக்கப் வந்து கெஞ்சினான். சாமியார் காத்திருப்பார் என்றார் உபதேசியார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். அவள் யாருக்கும் பதில் சொல்லாமல், எழவும் செய்யாமல் உட்கார்ந்தே இருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ராமசுப்பு தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெருவில் சாமியானாவுக்குக் கீழே யார்டு ஆட்கள் பதிமூன்று பேர் கூட்டமாக நின்றிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல், பிளாஸ்டிக் தம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டு. அவர்களிடமிருந்து விலகி, சாமியானாக் கம்பத்தை ஒட்டி ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். உள்ளே வரவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

இருதயம்மாள் கிறிஸ்டினாவின் காதருகே குனிந்தாள். "யாருடி அவ? ஆபீஸ் ஜனம் அல்லாம் கம்முனு நிக்குது. அவ மட்டும் இப்டி அய்வறா? நான் ஒண்ணும் சொல்லல. கண்ணுல பட்டத சொன்னேன்."

பதினாலு மாதம் வேலை செய்யாமல் ஒரு மனுஷன் எதற்காக ஒரு நாள் விடாமல் அங்கே போனான்? எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்? வீட்டில் வாயே திறக்காதவன் அங்கேயும் திறக்கவில்லை என்று யார் கண்டது? செத்தவன் மேல் பொறாமைப்பட முடியுமா என்றால், முடிந்தது.

"அந்தப் பொம்பளய உள்ள வரச்சொல்லு" என்றாள்.

அடுப்படியில் தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பேர் நிற்கத்தான் இடமிருந்தது. கிறிஸ்டினா கதவைச் சாத்தினாள்.

"நீ யாரு?"

"டெபோராக்கா. காத்திவாக்கம். சாருக்கு எதிர் டேபிளு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அவரு எழுதிகினு இருந்த புக்க இப்போ நான்தான் எழுதறேன். கான்ட்ராக்ட்டுல."

"அவரு உங்கிட்ட பேசுவாரா?"

"யார்கிட்டயும் பேச மாட்டாருக்கா. நாங்களும் பேசக்கூடாது. பேசுனா மறுநாளு கேட்டுக்குள்ள வர முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அவரு அங்க இல்லன்னே நெனச்சிக்கணும்னாங்க."

"செரி. எத்தினி மணிக்கு செத்தாரு?"

"தெரியாதுக்கா."

"பொய் சொல்லாத."

"மாதா சத்தியமா தெரியாதுக்கா. எங்க யாருக்கும் தெரியாது. அஞ்சரைக்கு வாட்ச்மேன் ரூம பூட்ட வந்தாரு. 'சார், கெளம்புங்க'ன்னு தோள்ல கை வச்சாரு. அப்பதான்..."

"அதுவரிக்கும் நீங்கல்லாம் எங்க போயிருந்தீங்க?"

டெபோரா தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கயும் போகலக்கா. அங்கதான் இருந்தோம்."

கிறிஸ்டினாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு அப்டித்தான்க்கா டெய்லி குந்திகினு இருப்பாரு. கைய டேபிள் மேல வச்சிகினு, செவுத்த பாத்துகினு. நேத்தும் அப்டித்தான் இருந்தாரு. எவ்ளோ பேரு வந்தாங்க, போனாங்க. ராமசுப்பு சாரு சாவி எடுக்க வந்தாரு, சாவி மாட்டற ஆணி அவரு தலைக்குப் பின்னாடி. 'கொஞ்சம் நகருங்க'ன்னாரு. நகரல. அவரு என்னிக்கு நகந்தாரு? இவரு மொறச்சிட்டு சுத்திகினு போய் எடுத்துகினாரு. நாங்க அல்லாம் எதிர்லயே வட்டமா குந்திகினு சாப்ட்டோம்க்கா."

"போனு?"

"அடிச்சிகினே இருந்துச்சி. ரெண்டாவது தபா அடிக்கச்சொல்லோ ஜன்னலாண்ட லாரிக்காரங்க ஒரே கூச்சல். எனக்கு எரிச்சலாயிடிச்சி. போய் எடுத்து சவுண்ட ஆப் பண்ணி, அவரு கையாண்டயே திரும்ப வச்சிட்டேன். கைல பட்டுச்சிக்கா. சில்லுனு இருந்துச்சி. ஏசின்னு நெனச்சிகினேன்."

"மொகத்த பாக்கலயா நீ?"

"பாக்காமயே பழகிப்போச்சிக்கா."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். இரண்டு பேரும் அசையவில்லை. டெபோரா ஒரே மூச்சில் சொன்னாள். "மூணு மணிக்கு டீக்காரரு வந்தாரு. காலைல பத்தரைக்கு வச்சிட்டுப் போன டீ அப்டியே ஆடை கட்டி கெடந்துது. 'இன்னைக்கு டீயும் இருக்கட்டுமாம் இவருக்கு'ன்னு சொல்லிகினே எடுத்துகினு போனாரு. அல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்க்கா. அவரு எதிர்லயே சிரிச்சேன்."

"எந்த டீ?" என்றாள் கிறிஸ்டினா.

"ஆங்?"

"எத்தினி மணிக்கு வச்ச டீ? ஒயுங்கா சொல்லு."

"பத்தரை டீக்கா. பத்து இருபத்தஞ்சுக்கே வந்துடுவாரு."

இக்னேஷியஸ் உலகத்தில் எதை வேண்டாமென்றாலும் டீயை வேண்டாமென்றவர் இல்லை. நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் குடித்தார். அவருடைய அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த மதியம், கைகால் கழுவுவதற்கு முன்னால் குடித்தார். முதல் நாள் காலையில் அவ்வளவு சண்டைக்கு நடுவிலும், அவள் கத்தி முடிப்பதற்குள் தம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் பையை எடுத்தார். எதிரில் வைத்த டீ ஆறும்வரை அவர் சும்மா உட்கார்ந்திருக்கவே மாட்டார். இது இந்த உலகத்தில் கிறிஸ்டினா ஒருத்திக்குத்தான் தெரியும்.

பத்து இருபத்தைந்துக்கு முன்னாலேயே போய்விட்டார். அவளுடைய முதல் போன் பதினோரு மணிக்கு.

அவர் அவளை வேண்டாமென்று சொல்லவில்லை. அப்பாடா என்றிருந்தது. ஏழு மணி நேரம் பதிமூன்று பேருக்கு நடுவில் கேட்பாரற்று உட்கார்ந்திருந்திருக்கிறது அந்த உடம்பு. அதைக் கேட்டுத் தனக்கு ஆறுதலாக இருக்கிறதே என்று அவளுக்கு அவமானமாகவும் இருந்தது. ஆனாலும் ஆறுதல் ஆறுதல்தான்.

டெபோரா கன்னத்தில் அறை விழும் என்று எதிர்பார்ப்பவள் மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். கிறிஸ்டினா டிரம்மிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு அவள் கையில் கொடுத்தாள். "மொகத்த கய்வு. கய்விட்டு வா" என்று சொல்லிக் கதவைத் திறந்தாள்.

"எழுதிக்கங்க உபதேசியாரே. நேத்து காலைல பத்து மணி."

ராமசுப்பு ஓடிவந்தார். "அம்மா, சர்டிபிகேட்ல அஞ்சு இருபதுன்னு இருக்கு. ரெண்டும் வேற வேறயா இருந்தா நாளைக்கு உங்களுக்குத்தான் சிக்கலு. நல்லதுக்குத்தானே சொல்லுதேன்."

"உங்க புக்ல இன்னா வேணா எழுதிக்கங்க சார். எய்தறதுக்குதான் ஆளு வச்சிருக்கீங்களே. கோயில் புக்ல பத்து."

ராமசுப்பு அடுப்படி வாசலில் ஈர முகத்தோடு நின்ற டெபோராவைப் பார்த்தார். அப்புறம் வாசலுக்கே திரும்பிப் போனார். ஜேக்கப் எதற்கோ வாயைத் திறந்து, அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். உபதேசியார் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனாவை உதறி எழுதினார்.

உடம்பைச் சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். தெருவில் பேண்டுக்காரர்கள் டிரம்மின் வாரை இறுக்கும் சத்தம் கேட்டது. "மொகம் பாக்குறவங்க பாத்துக்கலாம்" என்று எத்திராஜ் வழக்கம்போலக் குரல் கொடுத்தான். சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், நெற்றியில் சிலுவை போட்டார்கள், நகர்ந்தார்கள். எத்திராஜ் மூடியைத் தூக்கினான்.

"இன்னும் ஆளு கீது" என்றாள் கிறிஸ்டினா. "ஆபீஸ்காரங்கள வரச்சொல்லு. அல்லாரும்."

அவர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். முதலில் வந்தவர் மாலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகரப் போனார். "மொகத்த பாருங்க" என்றாள் கிறிஸ்டினா. அவர் நின்று பார்த்தார். அடுத்தவர் பார்த்தார். டீக்காரரும் வந்திருந்தார், அவர் பார்த்துவிட்டு அங்கேயே தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். டெபோரா வெகுநேரம் நின்றாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் ராமசுப்பு. "நான் நேத்தே பார்த்துட்டேம்மா."

"இல்ல சார். நேத்துலருந்து பெட்டியாண்ட வரவேயில்ல. நீங்க பாக்கல."

அவர் வந்து குனிந்தார். கழுத்திலிருந்த அட்டை முன்னால் தொங்கியது. அதைக் கையால் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இவருக்கு இவ்வளவு வயசாயிட்டா?" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

எத்திராஜ் மோவாய்த் துணியின் முடிச்சை அவிழ்த்து உருவினான். "நீயும் ஒரு தபா பாத்துக்கக்கா. மூடிடலாம்."

கிறிஸ்டினா முழங்காலிட்டுப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மீசை நன்றாக நரைத்திருந்தது. துணி மறைத்திருந்த இடது கன்னம் வலதைப் போல இல்லை, உள்ளே வாங்கியிருந்தது.

"டேய் எத்திராஜு, இது இன்னா? இந்தப் பக்கம் ஏன் குழிஞ்சி கீது? அடிச்சிருக்கானுங்களா?"

"அட இல்லக்கா. கடைவா பல்லு ரெண்டு இல்லல்ல அந்தாண்ட, அதான். பஞ்சு வச்சேன், நிக்கல."

"எந்தப் பல்லு?"

"கீய் வரிசைல ரெண்டும். புடுங்கினது. ஈறு நல்லா கெட்டிப்பட்டுப் போச்சி, ஒரு ஆறேழு மாசம் இருக்கும்." அவன் துணியை மடித்துக்கொண்டே நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "ஏன்க்கா, உனக்குத் தெரியாதா?"

ஜேக்கப் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். கூடத்தில் எல்லோரும் அவள் குரலெடுத்து அழுவதற்காகக் காத்திருந்தார்கள். அவள் இரண்டு விரல்களை அந்தக் கன்னத்தில் வைத்து, வெளியிலிருந்தே, பல் இருந்த இடத்தை மெதுவாகத் தடவித் தேடிக்கொண்டிருந்தாள்.